ஒரு கிழமையும் கிழமைகளின் கணமும் ஒன்றல்ல

பிட் ஃப்ளாக் எழுத எல்லாரும் சொல்லித்தரும் வழி ஒன்றுதான். ஒரு எனம் போடு. உறுப்புகளுக்கு 1, 2, 4, 8 என்று இரண்டின் அடுக்குகளை மதிப்பாகக் கொடு. கணக்குப் போடச் சோம்பலாக இருந்தால் 1 << 0, 1 << 1, 1 << 2 என்று எழுது. சி ஷார்ப் என்றால் தலையில் ஃப்ளாக்ஸ் என்ற அட்ரிபியூட்டை ஒட்டு. சி++ என்றால் |, &, ~ மூன்றையும் ஓவர்லோடு செய்யும் மேக்ரோ ஒன்றைப் போடு. டைப் பாதுகாப்பு வந்துவிட்டது, எழுதவும் படிக்கவும் சுலபம், வேலை முடிந்தது. பாடப்புத்தகம் முதல் கோட் ரிவியூ வரை இதை யாரும் கேள்வி கேட்பதில்லை. நடக்கும் ஒரே சண்டை, மதிப்புகளை ஹெக்ஸில் எழுதுவதா ஷிஃப்டாக எழுதுவதா என்பதுதான்.

சண்டை தவறான இடத்தில் நடக்கிறது. எனம் சொல்வது, இவற்றில் எது என்பதை. ஃப்ளாக் மதிப்பு சொல்வது, இவற்றில் எவையெவை என்பதை. முதலாவது ஓர் உறுப்பு. இரண்டாவது உறுப்புகளின் கணம். இவை இரண்டு வெவ்வேறு டைப்கள். இரண்டையும் ஒரே எனத்துக்குள் திணித்துவிட்டு, அந்தத் திணிப்பைச் சுலபமாக்க மேக்ரோவும் அட்ரிபியூட்டும் கண்டுபிடிப்பது பிழை செய்வதைச் சுலபமாக்குவதே தவிர வேறில்லை.

எதிர்த்தரப்பின் வலு என்ன? அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் ஃப்ளாக் என்பது ஹெடர் ஃபைலில் டிஃபைன் செய்து வைத்த வெறும் எண். கோப்பு உரிமைக்கான எண்ணைக் கொண்டுபோய் விண்டோ ஸ்டைலுக்கான இடத்தில் கொடுத்தாலும் கம்பைலர் வாய் திறக்காது. அங்கிருந்து எனத்துக்கு வந்தது உண்மையான முன்னேற்றம். சம்பந்தப்பட்ட பெயர்கள் ஒரே இடத்துக்கு வந்தன. இரண்டின் அடுக்குகளால் ஆன எனத்தைக் கண்டால் ஜிடிபி டீபக்கர் வெறும் எண்ணைக் காட்டாமல் பெயர்களை | போட்டு இணைத்துக் காட்டும். ஏழு பூலியன்களை வரிசையாக அனுப்பிவிட்டு ஐந்தாவது ட்ரூ எதற்கு என்று தேடிக்கொண்டிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். சி++ தரமும் இந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்தே வைத்திருக்கிறது: அடிப்படை டைப் குறிக்காத பழைய பாணி எனத்தில் பெரிய உறுப்பு 64 என்றால், அது தாங்கும் மதிப்புகள் 0 முதல் 127 வரை. உறுப்புகளை எப்படிச் சேர்த்தாலும் அதற்குள் அடங்கும். இவை அத்தனையும் உண்மை. பழைய டிஃபைன்களுக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. பூலியன் வரிசையும் கேட்கவில்லை. முன்னேற்றம் பாதி வழியில் நின்றுவிட்டது, மீதியையும் நடக்க வேண்டும் என்கிறேன்.

1. இந்த டைப் எந்தக் கேள்விக்குப் பதில்? ஓர் அலாரம் செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். கிழமை என்று ஒரு எனம்: ஞாயிறு 1, திங்கள் 2, செவ்வாய் 4, புதன் 8, வியாழன் 16, வெள்ளி 32, சனி 64. அலாரம் திங்களும் புதனும் அடிக்க வேண்டுமானால் திங்கள் | புதன், மதிப்பு 10. இதன் டைப் கிழமை. இன்று என்ன கிழமை என்று சொல்லும் ஃபங்ஷன் திருப்பித் தருவதும் கிழமை. அடுத்த நாளைக் கண்டுபிடிக்கும் ஃபங்ஷன் வாங்கிக்கொள்வதும் கிழமை. ஆக, அடுத்த_நாள்(திங்கள் | புதன்) என்று எழுதினால் கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏற்றுக்கொள்ளும். திங்களும் புதனும் சேர்ந்த நாளுக்கு அடுத்த நாள் எது? கேள்வியே அபத்தம். அந்த அபத்தத்தைத் தடுப்பதற்குத்தானே டைப் என்ற ஒன்றை வைத்தோம்?

ஸ்விட்ச் இன்னும் மோசம். ஏழு கிழமைக்கும் ஏழு கேஸ் எழுதிவிட்டால், எல்லா உறுப்பும் வந்துவிட்டது என்று கம்பைலர் தன் எச்சரிக்கையை நிறுத்திக்கொள்ளும். 10 வந்து நின்றால் ஏழில் எதிலும் படாமல் நழுவிப் போகும். எச்சரிக்கை இல்லாததை நம்பி டிஃபால்ட் எழுதாமல் விட்டவர் ஏமாந்தார். சி ஷார்ப்பில் வெளியிலிருந்து வரும் மதிப்பைச் சரிபார்க்கலாம் என்று இஸ்டிஃபைண்டைக் கூப்பிட்டால், 10 என்ற பெயரில் உறுப்பு இல்லையென்று ஃபால்ஸ் வரும். முறையான சேர்க்கையே செல்லாததாகிவிடுகிறது. எனத்துக்காக எழுதப்பட்ட ஒவ்வொரு கருவியும் எனம் ஓர் உறுப்பைத்தான் தாங்கும் என்று நம்பி எழுதப்பட்டது. நாம் அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு, கருவி ஏன் சரியாக வேலை செய்யவில்லை என்கிறோம்.

ரஸ்ட் மொழி இதில் விட்டுக்கொடுக்கவே இல்லை. அறிவிக்காத மதிப்பு ஓர் எனத்துக்குள் இருந்தால் அது வரையறையற்ற நடத்தை, எதுவும் நடக்கலாம். அதனால்தான் அங்கே எல்லாரும் பயன்படுத்தும் பிட்ஃப்ளாக்ஸ் நூலகம் எனத்தை உருவாக்குவதில்லை, ஸ்ட்ரக்டை உருவாக்குகிறது. ஸ்விஃப்டின் கதையும் இதேதான். ஆப்ஜெக்டிவ்-சி ஹெடர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக்கு ஒரு மேக்ரோ, பலவற்றைச் சேர்க்கும் வகைக்கு இன்னொரு மேக்ரோ. முன்னதை ஸ்விஃப்ட் எனமாக உள்ளே எடுக்கிறது. பின்னதை ஆப்ஷன்செட் என்ற ஸ்ட்ரக்டாக எடுக்கிறது. புதிதாக மொழி செய்தவர்கள் இரண்டையும் பிரித்தார்கள். பழைய மொழியில் இருக்கும் நாம் மட்டும் ஏன் ஒட்டவைத்துக்கொண்டு திரிய வேண்டும்?

2. ஃப்ளாக்ஸ் அட்ரிபியூட் உண்மையில் என்ன செய்கிறது? அதை ஒட்டினால் உறுப்புகளுக்குத் தானாக 1, 2, 4, 8 வரும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வராது. மதிப்பு கொடுக்காமல் விட்டால் எப்போதும்போல 0, 1, 2, 3 தான். ஞாயிறு 0 ஆகிவிடும். அதை எதனோடு சேர்த்தாலும் ஒன்றும் சேராது. திங்கள் 1, செவ்வாய் 2, புதன் 3 என்று ஆகி, திங்களையும் செவ்வாயையும் சேர்த்தால் திரையில் புதன் என்று அச்சாகும். கம்பைலர் இதைப் பிடிக்காது. | போடுவதற்கு அனுமதி தருவதாவது இந்த அட்ரிபியூட்டா என்றால் அதுவும் இல்லை: சி ஷார்ப்பில் எந்த எனத்தையும் | போடலாம். அட்ரிபியூட் செய்வது முக்கியமாக ஒரே வேலை, டுஸ்ட்ரிங்கில் 10 என்பதைப் பெயர்களாகப் பிரித்துக் காட்டுவது. அலங்காரம் அது. பாதுகாப்பு என்று அதை விற்பது தவறு.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். நிக்லாஸ் விர்த் 1970இல் வெளியிட்ட பாஸ்கலிலேயே எனமும் உண்டு, அந்த எனத்தின் மேல் கணமும் உண்டு. இரண்டும் மொழியின் அடிப்படை டைப்கள். அந்த வழியில் வந்த டெல்ஃபி 1995இல் வெளியானபோது எழுத்துரு ஸ்டைலை எப்படி எழுதியது? போல்டு, இட்டாலிக், அண்டர்லைன், ஸ்ட்ரைக்அவுட் என்று நான்கு உறுப்புள்ள ஓர் எனம். யாரும் எண் கொடுக்கவில்லை, தானாக 0 முதல் 3 வரை. அதற்குக் கீழே, அந்த எனத்தின் கணம் என்று ஒரே வரியில் இன்னொரு டைப். சேர்க்கக் கூட்டல் குறி, எடுக்கக் கழித்தல் குறி, இருக்கிறதா என்று பார்க்க இன் என்ற சொல். ஷிஃப்ட் கிடையாது, மாஸ்க் கிடையாது. உள்ளே சேமிக்கப்படுவது பிட்கள்தான். ஆனால் பிட்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியது கம்பைலரின் பாடு.

டெல்ஃபியின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். பின்னால் சி ஷார்ப்பை வடிவமைத்ததும் அவர் தலைமையில்தான். டாட்நெட்டில் அதே எழுத்துரு ஸ்டைலைப் பாருங்கள்: ரெகுலர் 0, போல்டு 1, இட்டாலிக் 2, அண்டர்லைன் 4, ஸ்ட்ரைக்அவுட் 8, மேலே ஃப்ளாக்ஸ் அட்ரிபியூட். அதே நான்கு உறுப்புகள், அதே வேலை. ஆனால் எண்களைக் கையால் கொடுக்க வேண்டும், உறுப்பும் கணமும் ஒரே டைப். இது முன்னேற்றம் என்று என்னால் ஏற்க முடியவில்லை. 1995இல் கையில் இருந்த ஒன்றை நாம் தொலைத்தோம். தொலைத்ததையே இன்று நல்ல பழக்கம் என்று அடுத்த தலைமுறைக்குப் பாடம் நடத்துகிறோம்.

3. பூச்சியம் உறுப்பா? ஒன்றுமில்லை என்பதற்கு எனத்தில் ஒரு பெயர் வைக்கச் சொல்கிறார்கள். நன் என்று 0. கணத்தில் வெற்றுக்கணம் உண்டு, அது கணத்தின் மதிப்பு. உறுப்புகளின் பட்டியலில் வெற்றுக்கணத்துக்கு இடமே இல்லை. திணித்தால் விளைவு உடனே தெரிகிறது: சி ஷார்ப்பின் ஹாஸ்ஃப்ளாக்கிடம் நன் இருக்கிறதா என்று கேட்டால் எப்போதும் ட்ரூ. போல்டும் இட்டாலிக்கும் போட்ட எழுத்து ரெகுலரா என்று கேட்டாலும் ஆம் என்கிறது. வெற்றுக்கணம் எல்லாக் கணத்துக்கும் உட்கணம் என்ற விதிப்படி அந்தப் பதில் சரிதான். ஆனால் கேட்டவர் உறுப்பைப் பற்றிக் கேட்டார், பதில் கணத்தைப் பற்றி வந்தது. டைப் இரண்டாக இருந்திருந்தால் அந்தக் கேள்வியை எழுதவே முடியாது.

~ குறிக்கும் இதே நோய்தான். திங்கள் தவிர மற்ற நாள்கள் என்று நினைத்து ~திங்கள் என்று எழுதுகிறோம். வர வேண்டியது 125. வருவதோ, 32 பிட் எண்ணில், −3: ஆறு கிழமைகளும், கிழமையே அல்லாத 25 பிட்களும் சேர்ந்தது. உடனே & போட்டால் தப்பிவிடுவோம். டேட்டாபேஸில் சேமித்தாலோ, எல்லா நாளும் உண்டா என்று 127உடன் ஒப்பிட்டுப் பார்த்தாலோ மாட்டிக்கொள்வோம். முன்பு சொன்ன பழைய பாணி சி++ எனத்தில் −3 என்பது 0 முதல் 127 வரையான எல்லைக்கு வெளியே. அதை அந்த எனமாக மாற்றுவது சி++17 முதல் வரையறையற்ற நடத்தை. எதிர்க்கணம் காண முழுக்கணம் எது என்று தெரிய வேண்டும். மேக்ரோவுக்கு அது தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் எண்ணின் அகலம். ஜாவாவின் எனம்செட்டுக்குத் தெரியும், அதனால் அங்கே காம்ப்ளிமெண்ட்ஆஃப் என்று கேட்டால் மீதி ஆறு கிழமைகள் மட்டும் வரும்.

4. எல்லா உறுப்பும் பிட்தானா? இதுதான் என் முதன்மையான குற்றச்சாட்டு. ஃப்ளாக் எனம் என்று நாம் அழைப்பவற்றில் பல, ஃப்ளாக்கும் தேர்வும் ஒரே எண்ணில் கலந்த கலவை. எனம் அந்தக் கலவையை மூடி மறைக்கிறது.

விண்டோஸின் மெசேஜ்பாக்ஸைப் பாருங்கள். அழைப்பின் கடைசி ஆர்க்யுமெண்ட் ஒரே எண். மாறிலிகளை | போட்டுச் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். பிழைச் சின்னம் 16. கேள்விச் சின்னம் 32. எச்சரிக்கைச் சின்னம் 64 என்று எதிர்பார்ப்பீர்கள், அது 48. தகவல் சின்னம்தான் 64. பிழையையும் கேள்வியையும் | போட்டால் 48, திரையில் மஞ்சள் முக்கோணம். பட்டன்களும் அப்படியே: ஓகே 0, ஓகே-கேன்சல் 1, அபார்ட்-ரீட்ரை-இக்னோர் 2, யெஸ்-நோ-கேன்சல் 3. ஒன்றும் இரண்டும் சேர்ந்தால் யாரும் கேட்காத மூன்றாவது பட்டன் தொகுப்பு வரும். ஏன்? அவை பிட்களே அல்ல. கீழ் நான்கு பிட்களில் பட்டன் தேர்வு, அடுத்த நான்கில் சின்னத்தின் தேர்வு, அதற்கும் மேலே வேறு வகைகள். ஒவ்வொன்றும் தனித்தனி எனமாக இருந்திருக்க வேண்டியது. எல்லாவற்றையும் | போட்டு எழுதுவதால் பார்வைக்கு ஃப்ளாக். இதை அப்படியே ஒரு ஃப்ளாக் எனமாக மாற்றி மேக்ரோவைப் போட்டுவிட்டு டைப் பாதுகாப்பு வந்துவிட்டது என்பவரிடம் ஒன்று கேட்கிறேன்: பிழை | கேள்வி என்று எழுதுவதை உங்கள் டைப் தடுக்கிறதா?

யூனிக்ஸ் உலகம் இதில் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். லினக்ஸின் ஓபன் அழைப்பில் ரீட்ஒன்லி 0, ரைட்ஒன்லி 1, ரீட்ரைட் 2. படிக்கும் உரிமைக்கு ஒரு பிட், எழுதும் உரிமைக்கு ஒரு பிட் என்ற அமைப்பு இல்லை அது. மூன்றில் ஒரு தேர்வு, இரண்டு பிட்களில் எழுதப்பட்டது. ஃப்ளாக் என்று நம்பி, ஃப்ளாக்ஸ் & ரீட்ஒன்லி என்று சோதித்தால் 0 தான், எப்போதும் பொய். எழுத முடியுமா என்று & ரைட்ஒன்லி போட்டால் ரீட்ரைட் என்று திறந்த கோப்பு தவறிப்போகும். முதலில் 3 என்ற மாஸ்க்கால் வெட்டி எடுத்து, பிறகு சமமா என்று பார்க்க வேண்டும். மற்ற பிட்களுக்கு ஒரு சோதனை, இதற்கு வேறு சோதனை. ஒரே பட்டியலில், ஒரே மாதிரிப் பெயர்களோடு.

இதைவிட நுட்பமான ஒன்றும் அதே அழைப்பில் உண்டு. 2013இல் லினக்ஸ் 3.11இல் டெம்ப்ஃபைல் என்ற ஃப்ளாக் வந்தது. பெயரில்லாத் தற்காலிகக் கோப்பைத் திறப்பதற்கு. அதற்குப் புதிதாக ஒரு பிட் மட்டும் கொடுத்திருந்தால், பழைய கெர்னல்கள் அந்தப் பிட்டைக் கண்டுகொள்ளாமல் வேறு எதையோ செய்து வைக்கும். அதனால் டைரக்டரி என்ற பழைய பிட்டையும் அதனுள் சேர்த்து வரையறுத்தார்கள். டைரக்டரியை எழுதுவதற்காகத் திறக்க முடியாது என்று பழைய கெர்னல் பிழை சொல்லிவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் அந்த நொடியிலிருந்து டெம்ப்ஃபைல் ஒரு பிட் அல்ல, இரண்டு பிட்களின் கணம். ஃப்ளாக்ஸ் & டெம்ப்ஃபைல் என்று சோதித்தால், வெறும் டைரக்டரி கேட்டவருக்கும் பூச்சியமல்லாத விடை வரும். லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இந்தப் பிழை நடந்தது. கேஷில் இருப்பதை வைத்து மட்டும் பாதையைத் தேடு என்னும் வசதியில், டைரக்டரி ஃப்ளாக்கோடு வந்த முறையான அழைப்புகளையெல்லாம் டெம்ப்ஃபைல் என்று நினைத்து, பிறகு வா என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது அந்தச் சோதனை. 2023இல்தான் திருத்தினார்கள். உலகத்தின் மிகக் கவனமான சி நிரலாளர்கள் பலர் பார்த்துப் பார்த்து வாங்கும் கோட் அது. அவர்களுக்கே உறுப்பு எது கணம் எது என்பது பெயரைப் பார்த்தால் தெரியவில்லை என்றால், கவனமாக எழுதுங்கள் என்ற அறிவுரையால் என்ன பயன்? உறுப்பும் கணமும் இரண்டு டைப்பாக இருந்தால் சோதனையும் இரண்டாகும்: இந்த உறுப்பு உள்ளதா, இந்தக் கணம் முழுவதும் உள்ளதா. எது வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்லியாக வேண்டும்.

5. தெரியாத பிட் வந்தால்? எனம் போட்டவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை, ஏனென்றால் எனம் அதற்கு ஏற்கெனவே ஒரு பதில் சொல்லிவிட்டது போலத் தோன்றுகிறது. சி ஷார்ப்பிலும் சி++இலும் எந்த எண்ணையும் காஸ்ட் செய்து எனமாக்கலாம். கோப்பிலிருந்து, நெட்வொர்க்கிலிருந்து, பழைய வெர்ஷனிலிருந்து வரும் எண்ணில் நமக்குத் தெரியாத பிட் இருக்கும். மறுப்பதா, களைவதா, வைத்துக்கொள்வதா?

தீர்மானிக்காமல் விட்டதன் விலை லினக்ஸ் ஓபனுக்குத் தெரியும். அது தெரியாத பிட்களைக் கண்டுகொள்ளாமல் ஏற்றது. அதனால் புதிய ஃப்ளாக் சேர்க்கும்போதெல்லாம் தலைவலி. டெம்ப்ஃபைலுக்குச் செய்த அந்தச் சுற்றுவழியே இதன் விளைவு. கடைசியில் 2020இல் லினக்ஸ் 5.6இல் ஓபன்அட்2 என்று புது சிஸ்டம் காலே எழுத வேண்டியதாயிற்று. அது தெரியாத பிட்டைக் கண்டால் தவறு என்று திருப்பி அனுப்பிவிடும். பைத்தான் 3.11 இந்தக் கேள்வியை வெளிப்படையாகவே கேட்கிறது: ஸ்டிரிக்ட், கன்ஃபார்ம், இஜெக்ட், கீப் என்று நான்கு எல்லை விதிகள். ஃப்ளாக் வகைக்கு ஸ்டிரிக்ட் இயல்பு, இன்ட்ஃப்ளாக் வகைக்குக் கீப் இயல்பு. ரஸ்டின் பிட்ஃப்ளாக்ஸில் எண்ணிலிருந்து கணம் செய்ய மூன்று தனித்தனி ஃபங்ஷன்கள்: தெரியாததை மறுப்பது, வெட்டிவிடுவது, அப்படியே வைத்துக்கொள்வது. பைத்தான் இதை எனத்தின் குடும்பத்திலேயே வைத்திருப்பது எனக்கு உடன்பாடில்லை என்றாலும், கேள்வியைக் கேட்க வைத்ததற்காக அதைப் பாராட்டுகிறேன். காஸ்ட் போடும் மொழிகளில் இந்தக் கேள்வி எழுவதே இல்லை.

6. வசதி என்றீர்களே, எங்கே வசதி? எல்லாக் கிழமைகளிலும் ஒரு லூப் ஓட்டுங்கள். 1, 2, 4 என்று இரட்டித்துப் போக வேண்டும். கிழமையின் பெயரை ஏழு இடமுள்ள அரேயிலிருந்து எடுங்கள். சனி 64 என்பதால் நேரடியாக முடியாது. எத்தனையாவது பிட் என்று கண்டுபிடிக்கும் வேலை முதலில். உறுப்புகள் 32ஐத் தாண்டட்டும். சி ஷார்ப்பிலும் ஜாவாவிலும் 32 பிட் எண்ணில் 1 << 32 என்பது மறுபடியும் 1. முப்பத்து மூன்றாவது ஃப்ளாக் சத்தமில்லாமல் முதலாவதன் மேல் போய் உட்காரும். சி++இல் டைப் பாதுகாப்புக்காக எனம் கிளாஸ் என்று எழுதினீர்கள்; இஃப் ஃப்ளாக்ஸ் & படி என்று எழுதினால் கம்பைல் ஆகாது, ஏனென்றால் அது பூலியனாக மாறாது. தரநூலகத்தின் கோப்பு உரிமை எனத்திலும் இதே கதி, ஒவ்வொரு முறையும் நன் அல்ல என்று ஒப்பிட வேண்டும். இதைத் தாங்காமல் எல்லா எனத்துக்கும் பொதுவாக ஒரு டெம்ப்ளேட் | எழுதுகிறார்கள். அன்று முதல் புரோஜெக்டில் உள்ள ஒவ்வொரு எனமும், பிழைக் குறியீடு உட்பட, ஃப்ளாக்காகிவிடுகிறது.

வேகம் போய்விடுமே? போகாது. க்யூடி நூலகத்தின் க்யூஃப்ளாக்ஸ் உள்ளே வைத்திருப்பது ஒரே ஒரு முழு எண். ஆனால் டைப் இரண்டு: ஓர் உறுப்புக்கு ஒன்று, உறுப்புகளின் சேர்க்கைக்கு ஒன்று. ஒற்றை உறுப்பு கேட்கும் ஃபங்ஷனுக்குச் சேர்க்கையைக் கொடுத்தால் கம்பைல் ஆகாது. கம்பைலர் இன்லைன் செய்த பிறகு மிஞ்சுவது கையால் எழுதிய அதே அண்டும் ஆரும்தான். ஜாவாவின் எனம்செட் 2004இல் ஜாவா 5உடன் வந்தது. உறுப்புகள் 64 வரை என்றால் உள்ளே ஒரே ஒரு லாங். ஜாவாவில் ஓர் ஆப்ஜெக்ட் செலவாகும், அதை ஒப்புக்கொள்கிறேன். கோடிக்கணக்கில் உருவாக்கும் இடத்தில் அது உறுத்தும். அப்படிப்பட்ட இடங்கள் சில உண்டு. அவற்றுக்காக மற்ற எல்லா இடத்திலும் டைப்பை விட்டுக்கொடுப்பது என்ன நியாயம்?

ஹார்டுவேரில் பிட் இடம் முன்கூட்டியே நிர்ணயமானது, அங்கே என்ன செய்வது என்பார்கள். அங்கேதான் என் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. மைக்ரோகன்ட்ரோலரின் டேட்டாஷீட்டைத் திறந்தால் அதில் இருப்பது பிட் 5, பிட் 7 என்ற இட எண். 32, 128 என்ற மாஸ்க் அல்ல. ஆர்டுயினோ யூனோவில் உள்ள ஏவிஆர் சிப்புக்கான ஹெடர் ஃபைலில், போர்ட் பி-யின் ஐந்தாவது பின்னுக்குக் கொடுத்த மதிப்பு 5 தான். போர்டில் மின்னும் எல்இடி இருக்கும் பின் அது. பயன்படுத்தும் இடத்தில் ஷிஃப்ட் செய்துகொள்ள வேண்டும். எஸ்டிஎம்32 சிப்களின் ஹெடர்களில் ஒவ்வொரு புலத்துக்கும் இடம் ஒரு பெயரிலும், மாஸ்க் இன்னொரு பெயரிலும் தனித்தனியே வரும். வன்பொருளோடு அன்றாடம் மல்லுக்கட்டுகிறவர்கள் உறுப்பையும் கணத்தையும் குழப்பிக்கொள்வதில்லை. எனத்தில் இட எண்களை எழுதுங்கள். 0, 1, 4, 7 என்று இடைவெளி விட்டு வந்தாலும் கவலையில்லை. பல பிட் அகலமுள்ள தேர்வுகளுக்குத் தனி எனம், தனிப் புலம். கணத்தை எண்ணாக்கும் வேலை எல்லையில் ஒரே இடத்தில் நடக்கட்டும்.

கையில் இருக்கும் சி++ கோடுக்கு இதைச் செய்ய எவ்வளவு ஆகும்? கணம் என்று ஒரு டெம்ப்ளேட். அதன் ஆர்க்யுமெண்ட் ஓர் எனம். உள்ளே ஒரு கையொப்பமில்லா முழு எண். உறுப்பைச் சேர்ப்பது, நீக்குவது, உறுப்பு உண்டா, கணம் முழுதும் உண்டா, எதிர்க்கணம், எண்ணிலிருந்து சோதித்து உருவாக்குவது. ஷிஃப்ட் இருக்கும் ஒரே இடம் அதன் உள்ளே. எதிர்க்கணத்துக்கு வேண்டிய முழுக்கணத்தை எனத்தை அறிவிக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஒரு திரைக்குள் அடங்கும் கோட். புரோஜெக்டுக்கு ஒருமுறை எழுதினால் போதும். அதன் பிறகு கிழமை என்ற எனத்தில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டே போகலாம். எண் கொடுக்கவே வேண்டாம். அலாரம் கேட்பது கணம்<கிழமை>, அடுத்த_நாள் கேட்பது கிழமை.

இருக்கும் கோடை ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. முதலில் டேட்டாபேஸிலும் நெட்வொர்க்கிலும் போகும் எண்களைத் தொடாதீர்கள். பிட் இடங்கள் அப்படியே இருக்கட்டும். எனத்தின் மதிப்புகளை மாஸ்க்கிலிருந்து இட எண்ணாக மாற்றி, கணத்தைத் தனி டைப்பாக்கிவிட்டுக் கம்பைல் செய்யுங்கள். எங்கெல்லாம் பிழை வருகிறதோ அங்கெல்லாம் ஓர் உறுப்பா பல உறுப்புகளா என்ற கேள்விக்கு இதுவரை பதில் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பட்டியலை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதத் தொடங்குங்கள். முதலில் ~ வரும் வரிகள், அடுத்து பூச்சியத்தோடு ஒப்பிடும் வரிகள்.